புலனாய்வுக்கு யார் பொறுப்பு?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்பவர்கள் வித்துரா என்கிற சிற்றூரைக் கடந்தாக வேண்டும். அகத்தியர் மலைத் தொடரின் மேற்குச் சரிவில், ரப்பர் தோட்டங்களுக்கும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் இடையே அமைந்த ஊர் அது. மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் நமது பாபநாசம். இயற்கை வளம் கொழிக்கும் அந்த ஊரின் பெயர், கேரளத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு வழக்கின் பெயராகவே உச்சரிக்கப்படுகிறது. மூணாறை அடுத்த சூரியநெல்லிக்கும் இதே கதிதான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்வது முற்றிலும் சரி. ஆனால், அந்த இடத்தில் ஊரின் பெயரை எழுதிவிட்டுக் குற்றம் இழைத்தவர்களின் பெயர்களை மறந்துவிடும் வழக்கம் பத்திரிகைகளாகிய நமக்கு எப்படி வந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

வித்துரா வழக்கின் வரலாறு சுருக்கமாக இதுதான். வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி 1995 இல் அழைத்துச் செல்லப்பட்ட ஒரு சிறுமி, பல ஊர்களில் பலரிடம் ஒப்படைக்கப்பட்டுச் சீரழிக்கப்பட்டார். 1996 இல் விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே வழக்காக அல்லாமல் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனி வழக்குகளாக அது பதிவானது. கோட்டயத்தில் சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை நடைபெற்றது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒவ்வொரு வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையாக விடுதலை ஆனார்கள். முதன்மைக் குற்றவாளியோ ஏறத்தாழ 18 ஆண்டுகள் காவல்துறையின் கண்ணில் படாமலேயே இருந்தார். மற்றவர்கள் விடுதலையான செய்தி வந்த பிறகு, 2014 இல் அவராகவே வந்து சரணடைந்தார். ஜாமீனில் வெளியே வந்ததும் மீண்டும் மறைந்தார். 2019 இல் ஐதராபாதில் பிடிபட்டார். 2021 பிப்ரவரியில்தான் ஒரு வழக்கில் அவருக்குப் பல பிரிவுகளின் கீழ் மொத்தம் 24 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவற்றை ஒன்றாகவே அனுபவித்தால் போதும் என்றும் நீதிமன்றம் கூறியது.

சிறுமியாக இருந்தவர் நடுத்தர வயதை எட்டிய பிறகு கிடைத்த தீர்ப்பு அது. இடைப்பட்ட காலத்தில் கேரளத்தில் ஆட்சி பலமுறை கைமாறியது. காவல் நிலையத்தில் அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். குற்றப்பத்திரிகை எழுதியவர் ஒருவர், சாட்சிகளை அழைத்து வந்தவர் இன்னொருவர், தலைமறைவானவரைத் தேடியவர் வேறொருவர். இவ்வளவு மாற்றங்களுக்கு இடையிலும் மாறாமல், ஒவ்வொரு வழக்குக்கும் நீதிமன்றப் படியேறி, ஒவ்வொரு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் ஒரே ஒருவர்தான். பாதிக்கப்பட்ட அந்தப் பெண்! வழக்கைக் கட்டிக் காக்க வேண்டிய அரசு இயந்திரம் கைமாறிக்கொண்டே இருக்க, வழக்கின் முழுச் சுமையும் அவர் தலையில் விழுந்தது.

நமது காவல்துறை எதிர்கொள்ளும் சவால்கள் எவை என்று கேட்டால், ஆள் பற்றாக்குறை, வாகனப் பற்றாக்குறை, பழைய சட்டங்கள், அரசியல் தலையீடு, இணையக் குற்றங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலை அதிகாரிகள் நீட்டுவார்கள். அந்தப் பட்டியலில் பொய் ஏதுமில்லை. ஆனால், இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் ஒரு குறையை அந்தப் பட்டியல் மறைத்துவிடுகிறது. குற்றப் புலனாய்வு என்பது நம் நாட்டின் காவல் நிலையங்களில் எவருடைய முழுநேரப் பொறுப்பும் அல்ல என்பதுதான் அது.

ஒரு சராசரி காவல் நிலையத்தின் அன்றாடத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். காலையில் அமைச்சரின் வருகைக்குப் பந்தோபஸ்து, நண்பகலில் கட்சி ஊர்வலம், மாலையில் கோயில் திருவிழா, இரவில் ரோந்து. இவற்றுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில்தான் சாட்சியின் வாக்குமூலமும், சம்பவ இடத்தின் வரைபடமும், ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய தடயங்களும். காமன் காஸ் அமைப்பும் சிஎஸ்டிஎஸ் ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவும் இணைந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, காவலர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் பணியாற்றுவதாகத் தெரிவித்தது. தேசிய அளவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 195 காவலர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தாலும், உண்மையில் பணியில் இருப்பவர்கள் 155 பேர் அளவில்தான். தூக்கமில்லாத கண்களுடன் எழுதப்படும் குற்றப்பத்திரிகையில் ஓட்டைகள் இருப்பதில் என்ன வியப்பு இருக்க முடியும்?

வித்துரா விவகாரம் வெளிவந்த அதே 1996 ஆம் ஆண்டில்தான் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தாக்கலானது. உத்தரப் பிரதேசக் காவல்துறைத் தலைவராகவும் எல்லைப் பாதுகாப்புப் படையின் தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்ற பிரகாஷ் சிங், காவல்துறையை ஆளுங்கட்சியின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று கோரித் தொடுத்த வழக்கு அது. புதிய யோசனைகள் எதையும் அவர் கேட்கவில்லை. ஜனதா அரசு 1977 இல் தரம்வீரா தலைமையில் அமைத்த தேசிய காவல் ஆணையம், எட்டு அறிக்கைகளாக அளித்துச் சென்ற பரிந்துரைகளை நிறைவேற்றுங்கள் என்றுதான் கேட்டார். பத்தாண்டுகள் நடந்த அந்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அமர்வு ஏழு உத்தரவுகளைப் பிறப்பித்தது. மாநிலப் பாதுகாப்பு ஆணையம், காவல்துறைத் தலைவருக்கும் களத்தில் பணிபுரியும் முக்கிய அதிகாரிகளுக்கும் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம், இடமாற்றங்களை முடிவு செய்யக் காவல்துறைக்குள்ளேயே ஒரு வாரியம், புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் என்பவை அவற்றுள் சில. நான்காவது உத்தரவுதான் நமது விவாதத்துக்கு உரியது: புலனாய்வுப் பிரிவைச் சட்டம் ஒழுங்குப் பிரிவிலிருந்து பிரிக்க வேண்டும், பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் அதைத் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய நகரங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும்.

இதுவும் புதிதல்ல. 1958 இல் சட்ட ஆணையம் தனது 14 ஆவது அறிக்கையில் சொன்னதுதான். மீண்டும் 1996 இல் 154 ஆவது அறிக்கையில் அதே ஆணையம் வலியுறுத்தியதுதான். ஆனால் இந்தப் பிரிவினை எந்த லட்சணத்தில் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதற்கு நமது சென்னை மாநகரமே சான்று. அங்கே காவல் நிலையங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர் என்கிற ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. பெயரைப் பார்த்தால் உச்ச நீதிமன்றம் சொன்னது அப்படியே இருப்பது போலத் தோன்றும். ஆனால் குற்றப்பிரிவு கவனிப்பது திருட்டு, வழிப்பறி போன்ற சொத்து சார்ந்த குற்றங்களை. கொலையும் கொலைமுயற்சியும் சட்டம் ஒழுங்கு ஆய்வாளரின் கணக்கில். அதாவது, ஊர்வலத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பவர்தான் கொலை வழக்கின் புலனாய்வு அதிகாரியும்!

புலனாய்வு நலிந்தால் அந்த இடத்தை எது நிரப்புகிறது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். தடயம் தேடத் தெரியாதவனுக்கும் நேரமில்லாதவனுக்கும் தடிதான் எளிய கருவி. திருவனந்தபுரம் கோட்டை காவல் நிலையத்தில் 2005 செப்டம்பரில் ஓர் ஏழைத் தொழிலாளி, கையில் வைத்திருந்த சில ஆயிரம் ரூபாய் திருட்டுப் பணமாக இருக்குமோ என்கிற சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்டு, பிணமாகத் திரும்பினார். அவருடைய தாய் விடாமல் போராடியதன் விளைவாக வழக்கு மத்தியப் புலனாய்வுத்துறைக்குச் சென்றது. 2018 இல் சிறப்பு நீதிமன்றம் இரண்டு காவலர்களுக்கு மரண தண்டனை விதித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. காரணம், மத்தியப் புலனாய்வுத்துறையின் புலனாய்வில் இருந்த குறைபாடுகள். முறையான புலனாய்வு தெரியாததால் ஒருவரை அடித்துக் கொன்றார்கள் என்று தொடரப்பட்ட வழக்கு, முறையான புலனாய்வு இல்லாததால் தோற்றது. இதைவிடக் கசப்பான முரண் வேறு இருக்க முடியாது.

கேரளத்தைச் சுட்டும் விரல் நம்மை நோக்கியும் திரும்ப வேண்டும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் உயிரிழந்ததும், 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு உயிரிழந்ததும் நமது மாநிலத்தில்தான். மடப்புரம் சம்பவத்தில் விசாரித்தது முறைப்படி வழக்கை நடத்த வேண்டிய புலனாய்வு அதிகாரி அல்ல. 'தனிப்படை' என்று நாம் பழகிய பெயரில் அழைக்கும் ஒரு குழு. இந்தத் தனிப்படைகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசியே தீர வேண்டும். உயர் அதிகாரியின் வாய்மொழி ஆணையில் உருவாகி, எந்தக் காவல் நிலையத்தின் குறிப்பேட்டிலும் முழுமையாகப் பதிவாகாமல் இயங்கும் குழுக்கள் இவை. குற்றவாளி சிக்கினால் பாராட்டுப் பத்திரம். யாராவது செத்தால்தான் அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்ற கேள்வியே எழும். சம்பவத்துக்குப் பின் அங்கீகாரமற்ற தனிப்படைகளைக் கலைக்க உத்தரவு பிறந்தது. அப்படியானால் அதுவரை அவை எந்தச் சட்டத்தின் கீழ் இயங்கின?

தில்லியில் இருந்து பார்க்கும்போது இன்னொரு வேறுபாடும் கண்ணில் படுகிறது. 2012 டிசம்பர் 16 அன்று தலைநகரில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டையே வீதிக்கு அழைத்து வந்தது. மூன்றே வாரங்களுக்குள் குற்றப்பத்திரிகை. ஒன்பது மாதங்களுக்குள் விரைவு நீதிமன்றத் தீர்ப்பு. காவல்துறையால் முடியாதது ஒன்றுமில்லை என்பதை அது நிரூபித்தது. தடயவியல் நிபுணர்கள் வந்தார்கள். பற்களின் தடம்கூடச் சான்றானது. அதிகாரிகள் குழு வேறு பணிக்கு அனுப்பப்படாமல் அந்த ஒரு வழக்கோடு கட்டப்பட்டிருந்தது. ராய்சினா குன்றின் அடிவாரத்தில் பல்லாயிரம் இளைஞர்கள் திரண்டதால் கிடைத்த வசதி அது. பொன்முடிக் குன்றின் அடிவாரத்துச் சிறுமிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அந்தப் போராட்டத்தின் விளைவாக அமைந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் காவல்துறைச் சீர்திருத்தம் பற்றியும் விரிவாகப் பேசி, பிரகாஷ் சிங் வழக்கின் உத்தரவுகளை நிறைவேற்றுமாறு வலியுறுத்தியது. நாடாளுமன்றம் தண்டனைகளைக் கடுமையாக்கும் பகுதியை விரைந்து ஏற்றது. காவல்துறையைச் சீர்திருத்தும் பகுதி அறிக்கையிலேயே தங்கிவிட்டது.

ஏன் தங்கியது? தண்டனையைக் கூட்டுவதால் எந்த ஆட்சியாளரும் எதையும் இழப்பதில்லை. இடமாற்ற அதிகாரத்தை விட்டுக்கொடுத்தால் இழக்கிறார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் யார், காவல் நிலைய ஆய்வாளர் யார் என்பதை முடிவு செய்யும் உரிமை, எதிர்க்கட்சியில் இருக்கும்போது கசப்பாகவும் ஆளுங்கட்சியானதும் இனிப்பாகவும் இருக்கிறது. இதில் இடதுசாரி, வலதுசாரி, திராவிடக் கட்சி, தேசியக் கட்சி என்கிற பேதமே கிடையாது. உச்ச நீதிமன்ற உத்தரவு எப்படி நிறைவேறுகிறது என்று கண்காணிக்க 2008 இல் கே.டி. தாமஸ் தலைமையில் அமைந்த குழு, 2010 இல் அளித்த அறிக்கையில் மாநிலங்களின் அலட்சியத்தைக் கண்டு வேதனை தெரிவித்தது. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியான தாமஸ், வித்துரா வழக்கு நடந்த அதே கோட்டயத்துக்காரர்.

கேரளம் 2011 இல் புதிய காவல் சட்டம் இயற்றியது. பதவிக்காலப் பாதுகாப்பு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் என்று காகிதத்தில் பெரும்பாலான மாநிலங்களைவிட மேலான சட்டம் அது. ஆனாலும் 2016 இல் புதிய அரசு பதவியேற்றதும் காவல்துறைத் தலைவர் டி.பி. சென்குமார் மாற்றப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2017 ஏப்ரலில் பதவியைத் திரும்பப் பெற்றார். மாநிலக் காவல்துறையின் தலைவரே தனது இரண்டாண்டுப் பதவிக்காலத்துக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்றால், மலையோரக் காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளர் யாருடைய கதவைத் தட்டுவார்?

தமிழ்நாட்டின் கதை இதைவிடப் பரிதாபமானது. 2013 இல் இயற்றப்பட்ட காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, மாநில அளவிலான புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர். உறுப்பினர்களில் ஒருவர் காவல்துறைத் தலைவர். காவல்துறையின் மீதான புகாரை யார் விசாரிக்கக் கூடாது என்பதற்காக உச்ச நீதிமன்றம் தனி ஆணையம் கேட்டதோ, அவர்களையே ஆணையமாக்கிய சாமர்த்தியத்தை என்னவென்பது! 'பொறுப்பு' என்கிற பெயரில் தற்காலிகக் காவல்துறைத் தலைவரை நியமிக்கக் கூடாது என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன பிறகும், 2025 ஆகஸ்ட் இறுதியில் தலைமை இயக்குநர் ஓய்வுபெற்றபோது தமிழ்நாட்டில் நியமிக்கப்பட்டவர் 'பொறுப்பு' தலைமை இயக்குநர்தான். சட்டத்தைக் காக்கும் துறையின் தலைமை நியமனமே நீதிமன்ற உத்தரவை மீறி நடந்தது.

சட்டங்கள் மாறவில்லையா என்று கேட்கலாம். மாறியிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. எங்கு நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் ஏற்கப்பட வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆனால் பதிவு செய்யப்போவது யார்? அதே உதவி ஆய்வாளர். ஆய்வு செய்யப்போவது? ஏற்கெனவே மாதிரிகள் குவிந்து கிடக்கும் அதே ஆய்வகங்கள். 1849 இலேயே சென்னையில் வேதியியல் பகுப்பாய்வுக் கூடம் கண்ட மாநிலம் நம்முடையது. அந்தப் பெருமைக்கு ஏற்ற நிபுணர்கள் இன்று மாவட்டந்தோறும் இருக்க வேண்டாமா? காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2025 செப்டம்பரில் அவை செயல்படாதது குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ள நேர்ந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் காரியங்கள் அல்ல. நூறு குறைகளையும் ஒரே நாளில் தீர்க்க முயல்வதைவிட, புலனாய்வு என்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு அதைச் சரி செய்தாலே பாதி நோய் தீரும் என்பது நமது கருத்து. பத்து, இருபது காவலர்கள் மட்டுமே உள்ள ஒரு சிற்றூர் நிலையத்தை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் உண்டு. பிரிக்க வேண்டியதில்லை. கொலை, பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், காவல் மரணம் போன்ற கொடுங்குற்றங்களுக்கு மட்டும் உட்கோட்ட அளவில், அதாவது துணைக் கண்காணிப்பாளரின் நேரடிப் பொறுப்பில், தனிப் புலனாய்வுக் குழுவை நிரந்தரமாக அமைக்கலாம். அதில் பெண் அதிகாரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். 1973 இல் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், நாடு முழுவதும் காவல்துறையில் மகளிரின் பங்கு 12 சதவீதத்தைச் சுற்றியே நிற்பது வெட்கக்கேடு. இந்தக் குழுக்களில் பணிபுரிவோரைப் பந்தோபஸ்துக்கு அழைக்கக் கூடாது. விதிவிலக்கு தேவைப்பட்டால் காவல்துறைத் தலைவரே எழுத்து மூலம் காரணம் காட்டி அனுமதிக்க வேண்டும். எழுத்தில் காரணம் கேட்டாலே பாதி விதிவிலக்குகள் மறைந்துவிடும் என்பது அரசு அலுவலக நடைமுறை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இதைவிட முக்கியமானது, வழக்கும் அதிகாரியும் பிரியாமல் இருப்பது. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் புலனாய்வு அதிகாரியின் கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் மனப்போக்குதான் வித்துரா போன்ற வழக்குகளைச் சாகடிக்கிறது. அதிகாரி பதவி உயர்வு பெற்றாலும் ஊர் மாறினாலும், விசாரணை முடியும் வரை அந்த வழக்கின் சாட்சிகளுக்கும் தலைமறைவானவர்களுக்கும் அவரே பொறுப்பு என்று விதி வகுக்கப்பட வேண்டும். வழக்கு தோற்றால், புலனாய்வில் நேர்ந்த தவறா, சாட்சிகள் பிறழ்ந்தார்களா, ஏன் பிறழ்ந்தார்கள் என்று ஆராய்ந்து அவருடைய பணிப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். தேடப்படுபவர் அடுத்த மாநிலத்தில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட முடிந்ததற்கு 1996 இல் தகவல் தொடர்பு வசதியின்மையைக் காரணம் காட்டியிருக்கலாம். காவல் நிலையங்களைக் கணினியால் இணைக்கும் திட்டம் 2009 இல் தொடங்கப்பட்ட பிறகு அந்தச் சமாதானம் எடுபடாது. தலைமறைவுக் குற்றவாளிகளின் பட்டியல் ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்படட்டும். எந்தெந்த வழக்கில் எத்தனை ஆண்டுகளாக யார் தேடப்படுகிறார் என்று மக்கள் பிரதிநிதிகள் அறியட்டும்.

காவல்துறை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே, இதற்கெல்லாம் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில உரிமைக்காகக் குரல் கொடுப்பதில் முன்னணியில் நிற்கும் கேரளமும் தமிழ்நாடும், தங்கள் கையில் இருக்கும் இந்த உரிமையைப் பயன்படுத்த ஓர் அரசாணை போதும். நமது சட்டப்பேரவையில் ஆண்டுதோறும் காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருகிறது. எத்தனை புதிய நிலையங்கள், எத்தனை புதிய வாகனங்கள் என்பது கொள்கை விளக்கக் குறிப்பில் பக்கம் பக்கமாக இருக்கும். தண்டனையில் முடிந்த வழக்குகள் எத்தனை, தோற்றவற்றில் புலனாய்வு அதிகாரி எத்தனை முறை மாற்றப்பட்டார் என்கிற ஒரு பக்கத்தை அடுத்த முறை அந்தக் குறிப்பில் சேர்க்கும்படி எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்க வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர்களும் கேட்கலாம்.